நேவியில் இருந்து யூனியன் சேர்மன் வரை: காலமான பெரியவர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்ப்பது எப்படி?

தேரிமணல் (கேள்வி)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ராதாபுரம் பக்கம் ஊர் நூலகத்துக்காக 40 பக்கத்தில் ஒரு மலர் போடுகிறோம். அதில் காலமான ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறும் வருகிறது. குடும்பத்தார் எழுதிக் கொடுத்த குறிப்பு இது:

"1959-ல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். ஐ.என்.எஸ். சிவாஜி, ஐ.என்.எஸ். விக்ராந்த் ஆகிய கப்பல்களில் பணியாற்றினார். 1965 போரில் விக்ராந்தில் இருந்து போரிட்டார். 1969-ல் லெப்டினன்டாக ஓய்வு பெற்றார். 1970-ல் ஒன்றியத் தலைவர். 1973-ல் மாவட்ட ஊராட்சித் தலைவர். 1986-ல் மீண்டும் ஒன்றியத் தலைவர். 1988-ல் எம்.எல்.சி."

கையில் இருப்பது மூன்று மெடல் (ரிப்பன் எல்லாம் இத்துப்போச்சு), சீருடையில் ஒரு போட்டோ. போட்டோவில் இடது கையில் ஒற்றை நங்கூரம், அதுக்குக் கீழே ரெண்டு பட்டை. படையிலிருந்து விடுபடும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைக்கவில்லை. அவருக்குப் பென்ஷன் வந்ததில்லை. "பென்ஷன் இல்லைன்னா வெளியே அனுப்பிட்டாங்கன்னுதான் அர்த்தம்" என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அச்சில் ஏறினால் பிள்ளைகள் அதையே நம்பும். எதை நம்பலாம், எதை எப்படிச் சரிபார்க்கலாம்?

வல்லநாட்டான்

தம்பி, முதலில் அந்தப் பென்ஷன் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுவோம். அது அந்த மனிதருடைய மரியாதை சம்பந்தப்பட்டது.

அந்தக் காலத்தில் மாலுமியாகச் சேர்ந்தவருக்கு 10 ஆண்டு நேரடிப் பணி, அதன்பின் 10 ஆண்டு ஃப்ளீட் ரிசர்வ் என்பதுதான் ஒப்பந்த முறை. ரிசர்வில் இருப்பவர் ஊரில் இருக்கலாம், வேறு வேலை பார்க்கலாம், அழைத்தால் போகவேண்டும். 1976 ஜூலையில் இந்த ஃப்ளீட் ரிசர்வ் முறையையே நிறுத்திவிட்டார்கள். மாலுமிகளுக்குப் பென்ஷனுக்கு 15 ஆண்டுப் பணி வேண்டும் என்பது கணக்கு. 10 ஆண்டு முடித்து வந்த பழைய மாலுமிகள் பலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், 1976 ஜூலை 3-க்கு முன் சேர்ந்து, அன்றோ அதற்குப் பின்னோ பணிக்காலம் முடித்தவர்களுக்குச் சிறப்புப் பென்ஷனுக்கு வழி சொன்னது. 1959-ல் சேர்ந்து 1969-ல் வந்தார் என்றால் சரியாக 10 ஆண்டு. ஒப்பந்தம் முடிந்து கௌரவமாக வந்தவர் என்று கொள்ளத்தான் இந்தக் கணக்கு இடம் தருகிறது. டிஸ்சார்ஜ் தாளில் "எக்ஸ்பைரி ஆஃப் எங்கேஜ்மென்ட்" (ஒப்பந்தக் காலம் முடிந்தது) என்று இருந்தால் உறுதி. "ஓய்வு பெற்றார்" என்று எழுதாமல் "10 ஆண்டுப் பணிக்காலம் முடித்துத் திரும்பினார்" என்று எழுதுங்கள்.

அடுத்து லெப்டினன்ட். இடது கையில் ஒற்றை நங்கூரம் என்றால் அவர் லீடிங் நிலை மாலுமி. அதற்கு அடுத்த படி பெட்டி ஆபீசர், அங்கே நங்கூரம் இரண்டு குறுக்காக இருக்கும். பிறகு சீஃப் பெட்டி ஆபீசர், மாஸ்டர் சீஃப். கீழே தெரியும் இரண்டு பட்டை பதவியைக் காட்டாது, நன்னடத்தையோடு கழித்த ஆண்டுகளுக்குத் தருவது. ராணுவத்தில் இரண்டு பட்டை நாயக், மூன்று பட்டை ஹவில்தார் என்பதால் நம் ஊரில் பட்டையை எண்ணிப் பதவி சொல்லும் பழக்கம் உண்டு. கடற்படைப் போட்டோவில் அது செல்லாது. மாலுமியாகச் சேர்ந்தவருக்குக் கௌரவ சப்-லெப்டினன்ட், கௌரவ லெப்டினன்ட் பட்டம் கிடைப்பது உண்டுதான், ஆனால் அது நெடுங்காலப் பணி முடித்த மாஸ்டர் சீஃப் நிலையில் உள்ளவர்களுக்கு, ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டி அறிவிப்பார்கள். 10 ஆண்டில் வந்தவருக்கு அது பொருந்தாது. "லீடிங்" என்பது வீட்டுப் பேச்சில் காலப்போக்கில் "லெப்டினன்ட்" ஆகியிருக்கலாம்.

போட்டோவில் வலது கையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அங்கே இருப்பது பிரிவுச் சின்னம். புரொப்பல்லர் மாதிரி இருந்தால் எஞ்சின் பிரிவு. எனக்கு அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது, காரணம் ஐ.என்.எஸ். சிவாஜி.

சிவாஜி கப்பலே இல்லை, தம்பி. மும்பை–புனே பாதையில் லோனாவலா மலைமேல் இருக்கும் கடற்படைப் பொறியியல் பயிற்சித் தளம். கரையில் இருக்கும் தளத்துக்கும் கடற்படையில் ஐ.என்.எஸ். என்றுதான் பெயர் வைப்பார்கள். நம்ம விஜயநாராயணத்தில் 1990-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தரையில்தானே நிற்கிறது? நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் வானொலி நிலையம் அது. ஜாம்நகரில் உள்ள வல்சுரா மின்பிரிவுப் பயிற்சிக்கு, கொச்சியில் உள்ள வெண்டுருத்தியும் தளம்தான், ஒடிசாவின் சில்கா 1980-ல் தொடங்கிய மாலுமிப் பயிற்சித் தளம். 1959-ல் சேர்ந்தவர் "சில்காவில் பயிற்சி பெற்றார்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதையும் நீக்கிவிடுங்கள். ஆக, "சிவாஜி தளத்தில் பயிற்சி பெற்று, பின் விக்ராந்த் கப்பலில் பணியாற்றினார்" என்று மாற்றினால் சரியாக வரும்.

விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது 1961 மார்ச் 4, பெல்பாஸ்ட்டில். பம்பாய்க்கு வந்தது அதே ஆண்டு நவம்பரில். ஆகவே அவர் அதில் இருந்தது 1961-க்குப் பின்தான் இருக்கமுடியும். 1961 டிசம்பரில் கோவா நடவடிக்கையின்போது விக்ராந்த் அந்தக் கடற்பகுதியில் ரோந்தில் இருந்தது. அப்போது அவர் கப்பலில் இருந்தாரா என்று பணிப்பதிவில் பார்த்தால் மலருக்கு நல்ல செய்தி கிடைக்கும். 1965 விஷயம் நேர்மாறு. அந்தப் போர் நடந்தபோது விக்ராந்த் பம்பாய் உலர்துறையில் பழுதுபார்ப்பில் கிடந்தது. "விக்ராந்தில் இருந்து போரிட்டார்" என்பது 1971-க்குப் பொருந்தும். அப்போதுதான் அதன் விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் மீது தாக்குதல் நடத்தின. 1965-ல் அவர் வேறு கப்பலில் கடலில் இருந்திருக்கலாம். பதிவு கிடைக்கும்வரை "1965 போர்க்காலத்தில் பணியில் இருந்தார்" என்பதோடு நிறுத்துங்கள்.

மெடல்களைப் புளி போட்டோ பிராஸோ போட்டோ தேய்க்கவேண்டாம், யாரையும் தேய்க்க விடவும் வேண்டாம். வட்ட மெடலின் விளிம்பிலும் நட்சத்திர மெடலின் பின்புறத்திலும் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அந்த எண்தான் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி. பக்கவாட்டில் டார்ச் அடித்துக் கோணம் மாற்றி மாற்றிப் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

மெடலின் பெயரைப் பொறுத்துத்தான் பொருள். சமர் சேவா ஸ்டார் என்றால் 1965 போர்ப்பகுதியில் பணி. ரக்ஷா மெடல் என்றால் 1965-ல் படையில் இருந்தார் என்பது மட்டும். சைன்ய சேவா மெடலில் எந்தப் பகுதி என்று மேலே ஒரு பட்டையில் எழுதியிருக்கும். சங்ராம் மெடல், பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார் மூன்றும் 1971-க்கு உரியவை. இவற்றில் ஒன்று அவர் பெயரோடு இருந்தால் 1969-ல் வந்தார் என்பதே கேள்விக்குள்ளாகும். பணி நீட்டிப்பா, ரிசர்விலிருந்து திரும்ப அழைத்தார்களா என்று பார்க்கணும். சங்ராம் மெடல் அப்போது பணியில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தது, அதை வைத்துப் போர்முனையில் நின்றார் என்று எழுதக்கூடாது.

ஏடுதேடி

கடற்படைப் பகுதியை வல்லநாட்டார் அண்ணாச்சி விளக்கிவிட்டார். அரசியல் பகுதியில் இரண்டு வரிகள் நடந்திருக்கவே முடியாதவை.

"1973-ல் மாவட்ட ஊராட்சித் தலைவர்": அப்போது அப்படி ஒரு பதவி தமிழ்நாட்டில் இல்லை. பழைய மாவட்டக் கழகங்கள், அதாவது ஜில்லா போர்டுகள், 1958 ஊராட்சிச் சட்டத்தோடு போய்விட்டன. அதன்பின் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்ற இரண்டு அடுக்குதான். மாவட்ட அளவில் இருந்தது மாவட்ட வளர்ச்சி மன்றம். அதற்குத் தலைவர் கலெக்டர். ஒன்றியத் தலைவர்கள், எம்.எல்.ஏ.க்கள் எல்லாம் பதவிவழி உறுப்பினர்கள். மக்கள் வழியாக வந்த மாவட்ட ஊராட்சி 1994 சட்டத்தில் தோன்றி, 1996 அக்டோபர் தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. அவர் ஒன்றியத் தலைவராக இருந்திருந்தால் அந்த மன்றத்தில் உறுப்பினராக இருந்திருப்பார். குடும்பத்தார் சொல்வது அதுவாகத்தான் இருக்கும்.

"1988-ல் எம்.எல்.சி.": சட்ட மேலவையை 1986 நவம்பர் 1-ல் கலைத்தாயிற்று. 1988-ல் மேலவையே கிடையாது. ஆண்டு தப்பா, பதவி தப்பா என்று பாருங்கள். 1986-க்கு முன் என்றால் சட்டமன்றச் செயலக வெளியீடுகளில் மேலவை உறுப்பினர் பட்டியலில் பெயர் இருந்தே தீரும். இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், "எனக் கூறப்படுகிறது" என்று போட்டுத் தப்பிக்கவேண்டாம்.

1970, 1986 இரண்டும் உள்ளாட்சித் தேர்தல் நடந்த ஆண்டுகள். அந்த வகையில் குறிப்பு நம்பும்படி இருக்கிறது. இடையில் இருந்த பதினாறு ஆண்டில் ஊராட்சி, ஒன்றியத் தேர்தலே நடக்கவில்லை. யாராவது "1978-ல் வென்றார்" என்றால் நம்பாதீர்கள். 1986-க்குப் பின் 1996, 2001, 2006, 2011. அப்புறம் நீண்ட இடைவெளி. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு ஊரகத் தேர்தல் நடந்தபோது திருநெல்வேலியும் தென்காசியும் விடுபட்டன, இரண்டுக்கும் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது.

தென்மாவட்டத்தில் "சேர்மன்" என்ற சொல் பெரிய வலை. யூனியன் சேர்மன், நகராட்சி சேர்மன், பேரூராட்சி சேர்மன் எல்லாருமே சேர்மன்தான். "பிரசிடெண்ட்" என்றால் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டாகவும் இருக்கலாம், கூட்டுறவு சொசைட்டி பிரசிடெண்டாகவும் இருக்கலாம். எந்த அமைப்பு, எந்த ஊர் என்று கேட்டு எழுதுங்கள். இன்னொன்று: 1994 சட்டத்தின் கீழ் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. ஒன்றிய வார்டும் மாவட்ட ஊராட்சி வார்டும்தான் கட்சி அடிப்படை. "கட்சி சார்பில் ஊராட்சித் தலைவரானார்" என்று 1996-க்குப் பிந்திய ஆளைப் பற்றி எழுதினால் தப்பு.

அவர் சட்டமன்றத்துக்கு நின்றதாகப் பேச்சு இருந்தால் அதைச் சரிபார்ப்பது எளிது. தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையில் 1951–52 முதல் தொகுதிவாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய வாக்கு இருக்கிறது, சுயேச்சையும் சேர்த்து. தேடும்போது இரண்டு விஷயம். ஒன்று, பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதித் தேடணும். இனிஷியல் முன்பின் மாறியிருக்கும், சாதிப்பெயர் ஒட்டியோ விட்டோ இருக்கும். இரண்டு, தொகுதி. சேரன்மகாதேவி, சாத்தான்குளம் தொகுதிகள் 2008 மறுசீரமைப்பில் இல்லாமல் போயின. இன்றைய வரைபடத்தை வைத்து அன்றைய ஊரைத் தேடக்கூடாது. சொத்து, வழக்கு, படிப்பு சொல்லும் வேட்பாளர் பிரமாணப் பத்திரம் 2003-க்குப் பிறகுதான் வழக்கத்துக்கு வந்தது. 1986 ஆளுக்கு அது கிடைக்காது.

மாவட்டப் பெயரிலும் கவனம். 1986 அக்டோபர் வரை தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டம்தான். பிறகு கொஞ்ச காலம் நம் மாவட்டத்துக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர், 1997-ல் அது போயிற்று. தென்காசி பிரிந்தது 2019 நவம்பரில். பழைய தாளில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை அப்படியே எழுதி, இன்றைய மாவட்டத்தை அடுத்துச் சொன்னால் போதும்.

கல்வெட்டுக்காரன்

ஆபீஸ் தாளுக்கு அலையுறதுக்கு முன்னால ஊரைச் சுத்திப் பாருங்க. மேல்நிலைத் தொட்டி, பஸ் ஸ்டாப் நிழற்குடை, சத்துணவுக் கூடம், பாலம், பள்ளிக்கூடக் கட்டடம் — எல்லாத்துலயும் திறப்புக் கல் இருக்கும். தேதி, அன்றைய ஒன்றியத் தலைவர் பேரு, ஆணையர் பேரு எல்லாம் அதுல உண்டு. குடும்பக் குறிப்பை விட அந்தக் கல்லை நான் நம்புவேன், ஏன்னா அன்னைக்கே வெட்டினது. வெள்ளையடிச்சு மூடியிருந்தா சுரண்டாதீங்க, எழுத்தும் சேர்ந்து போயிரும். ஈரத்துணியால ஒத்தி எடுத்து, மேல வெள்ளைத் தாளை வச்சுப் பென்சிலைப் படுக்க வச்சு மெல்லத் தேய்ச்சா எழுத்து எந்திரிச்சு வரும்.

அவரு ஒன்றியம் முழுக்க இருந்தவருன்னா பக்கத்து ஊருகளையும் பாக்கணும். சொந்த ஊர்ல கல்லு உடைஞ்சிருந்தாலும் பத்து மைல் தள்ளி ஒரு பாலத்துல இருக்கும். யூனியன் ஆபீஸ்ல தலைவர்கள் பேர்ப்பலகை தொங்குதான்னும் பாருங்க. ஆனா அது பின்னால எழுதினது, ஆண்டு தப்பா இருக்க வாய்ப்புண்டு. கல்லோட ஒத்துப் பாத்துக்கிடுங்க.

தேரிமணல்

ரொம்ப நன்றி அண்ணாச்சி, எல்லாருக்கும். ஒரு மெடலின் விளிம்பில் எண் தெரிகிறது, ரக்ஷா மெடல் என்று வாசிக்க முடிகிறது. மற்ற ரெண்டும் படம் எடுத்துப் பார்க்கணும். பணிப்பதிவை எங்கே, யார் பெயரில் கேட்பது? ஒன்றியக் கூட்டத் தீர்மானங்களைப் பார்க்க முடியுமா? அவர் அம்மா ஊர் தோவாளைப் பக்கம், பிறந்தது அங்கேதான் என்கிறார்கள், அது ஏதும் சிக்கலா?

வல்லநாட்டான்

தோவாளை என்றால் கவனிக்கவேண்டிய விஷயம்தான். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அவர் சேர்ந்தது 1959 என்பதால் மாநிலம் "மெட்ராஸ்" என்றே பதிவாகியிருக்கும், ஆனால் பள்ளிச் சான்றும் பிறப்பிடமும் பழைய மாநிலத்தைக் காட்டலாம். அதைப் பார்த்து வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். செங்கோட்டைக்காரர்களுக்கும் இதே கதைதான். பிறந்த தேதி பள்ளிச் சான்றில் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று என்று இருந்தால் படைப்பதிவில் பள்ளித் தேதிதான் ஏறியிருக்கும்.

மாலுமிகளின் பதிவேடு மும்பை மான்கூர்ட் சீட்டா கேம்ப்பில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ் அலுவலகத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தை நூலகத்தின் பெயரில் போடவேண்டாம், மனைவி அல்லது பிள்ளை கையெழுத்தில் போகணும். மூன்றாம் ஆள் கேட்டால் தனிப்பட்ட விவரம் என்று மறுக்க வழி இருக்கிறது. இறப்புச் சான்று, தாசில்தார் தந்த வாரிசுச் சான்று, மெடல் எண்ணின் படம், சேர்ந்த ஆண்டு, தகப்பனார் பெயர் இத்தனையும் இணையுங்கள். "எல்லாப் பதிவும் தருக" என்று எழுதாமல், சேர்ந்த தேதி, பணியாற்றிய கப்பல்களும் தளங்களும் தேதியோடு, விடுபட்டபோது இருந்த பதவி, விடுபட்ட காரணம், வழங்கிய மெடல்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) ஆன்லைன் தளத்தில் கடற்படைத் தலைமையகத்தைத் தேர்ந்தெடுத்து, 10 ரூபாய் கட்டி, அதே கேள்விகளைப் போடுங்கள். 30 நாளில் பதில் வரணும், இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கூடவே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு இருந்தால் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டித்தான் பதிந்திருப்பார், அந்த விவரம் அங்கேயே கிடைக்கலாம்.

மனைவி இருக்கிறார் என்றால் இன்னொரு வேலையும் சேர்த்துப் பாருங்கள். 10 ஆண்டுப் பணியோடு ரிசர்வுக்குப் போனவர் என்று பதிவு சொன்னால், பென்ஷன் ஏதாவது கோர இடமிருக்கிறதா என்று அதே நல அலுவலகத்தில் தாளைக் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். மலர் கிடக்கட்டும், அந்த அம்மாவுக்கு அது முக்கியம்.

ஏடுதேடி

ஒன்றியத் தீர்மானப் புத்தகத்துக்கு ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி மனு போடலாம். நகல் கேட்பதைவிட நேரில் பார்வையிட அனுமதி கேட்பது நல்லது. 1986-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எந்தப் பக்கம் வேண்டும் என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. பார்வையிட்டு, பதவியேற்புக் கூட்டம், முதல் பட்ஜெட் கூட்டம், கடைசிக் கூட்டம் மூன்றின் தேதியையும் குறித்து, அந்தப் பக்கங்களுக்கு மட்டும் நகல் வாங்குங்கள். புத்தகம் இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

செய்தித்தாள் பக்கம் போவதானால், தினமலர் 1957-ல் திருநெல்வேலிக்கு வந்த பத்திரிகை, அதனால் 1970, 1986 இரண்டு தேர்தலுக்கும் உள்ளூர்ச் செய்தி அதில் இருக்க வாய்ப்பு அதிகம். வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் தொடங்கி ஒரு வாரத் தாளைப் புரட்டினால் போதும். சென்னைக்குப் போகிறவர் இருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாவட்ட அரசிதழையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலில் ஆதாரம் எழுதிக்கொள்ளுங்கள்: கல், தாள், மெடல், வாய்மொழி. வாய்மொழி மட்டும் இருக்கும் வரியில் ஆண்டு போடவேண்டாம். இப்போதைக்கு நிற்கக்கூடிய வாசகம் இது: "கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்து, லோனாவலா சிவாஜி தளத்தில் பயிற்சி பெற்று, விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் பணியாற்றினார். லீடிங் நிலை வரை உயர்ந்தார். 1965 போர்க்காலப் பணிக்காக ரக்ஷா மெடல் பெற்றார். பத்தாண்டுப் பணிக்குப் பின் ஊர் திரும்பி, ஊராட்சி ஒன்றியத் தலைவராகப் பொறுப்பு வகித்தார்." பணிப்பதிவு வந்ததும் 1959-ஐ முதல் வாக்கியத்திலும், 1970-ம் 1986-ம் கல்லிலோ தாளிலோ கிடைத்ததும் கடைசி வாக்கியத்திலும் சேருங்கள்.